பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்



"மருந்தை நிறுத்திவிட்டால், அதற்கு அடங்காத கிருமியும் நாளடைவில் குறைந்துவிடும்" என்று பத்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி. மீதியை டென்மார்க் நாட்டுப் பன்றிகளிடம் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

அங்கே கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போட அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். நோய்க்காக அல்ல, எடைக்காக. ஆனால் அது வான்கோமைசினுக்கு நெருங்கிய சொந்தம். வேறு மருந்துகள் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்களே, அந்த வான்கோமைசின்தான். ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் அடங்காது. 1994இல் டென்மார்க்கில் மனிதர்களுக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. கால்நடைகளுக்குப் போன அவோபார்சின் 24,000 கிலோ! இந்தக் கணக்கை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

1995இல் அவோபார்சினைத் தடை செய்தார்கள். அதே ஆண்டில் 'டான்மேப்' என்ற கண்காணிப்புத் திட்டமும் தொடங்கியது. கால்நடை, உணவு, மனித நோய் என்று தனித்தனி ஆய்வகங்களில் கிடந்த கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமியை மட்டுமல்ல, ஆரோக்கியமான விலங்கின் குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலை, என்டரோகாக்கஸ் போன்றவற்றையும் எடுத்துச் சோதித்தார்கள். எந்த மருந்து எவ்வளவு விற்றது என்ற கணக்கும் பக்கத்திலேயே இருந்தது.

கோழிகளில் எடுத்த என்டரோகாக்கஸ் ஃபீசியம் கிருமிகளில் இந்த வகை மருந்துக்கு அடங்காதவை 1995இல் 72.7 சதவீதம். 2000இல் 5.8. என் பாடம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் பன்றிகளில் தடைக்குப் பிறகும் ஏறக்குறைய 20 சதவீதத்திலேயே நின்றது. பண்ணையில் யாராவது திருட்டுத்தனமாகக் கலக்கிறார்களோ என்று நானாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

காரணம் டைலோசின் என்ற இன்னொரு மருந்து. அதைப் பன்றித் தீவனத்தில் தொடர்ந்து கலந்துகொண்டிருந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணுவும் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் அந்தக் கிருமிகளில் ஒரே பிளாஸ்மிடில் இருந்தன, ஒரே கொத்தில் இரண்டு சாவி மாதிரி. ஒரு சாவிக்கு வேலை இருக்கும்வரை கொத்தைக் கிருமி கீழே போடவில்லை. 1998இல் டைலோசின் குறைந்தது. 2000இல் பன்றிகளிலும் 6 சதவீதம்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அவோபார்சினையும், 2006 முதல் எடைக்காகத் தரும் எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியது. நம் நாட்டில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019இல் தடை செய்தார்கள்.

யாரிடமாவது அந்தப் பழைய நோட்டு இருந்தால், என் வரிக்குக் கீழே டைலோசின் என்று ஒரு வார்த்தை எழுதி வையுங்கள்.