இசட்எஃப்ஒய் மரபணு

இசட்எஃப்ஒய் என்பது மனிதரின் ஒய் குரோமோசோமின் குறுங்கரத்தில் அமைந்த மரபணு. அதிலிருந்து உருவாகும் புரதத்தில் 13 துத்தநாக விரல்கள் உள்ளன. ஒரு விரல் ஏறத்தாழ 30 அமினோ அமிலங்களாலான மடிப்பு. இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்வதால் மடிப்பு குலையாமல் நிற்கிறது. இவ்வமைப்பை 1985இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளூக் குழுவினர் தவளைப் புரதம் ஒன்றில் கண்டறிந்தனர். இத்தகைய விரல்கள் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு பிற மரபணுக்களை இயக்குகின்றன.

ஆண்பாலை முடிவுசெய்வது ஒய் குரோமோசோம் என்பது 1959 முதல் தெரிந்ததே. அதில் எந்த மரபணு என்பதுதான் கேள்வி. இரண்டு எக்ஸ் இருந்தும் ஆணாகப் பிறப்போர் சிலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோரிடம் தந்தையின் ஒய்யிலிருந்து ஒரு துண்டு எக்ஸில் ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் வைட்ஹெட் நிறுவனத்தில் டேவிட் பேஜ் குழுவினர் இத்தகைய துண்டுகளை ஒப்பிட்டனர். ஒய்யின் பெரும்பகுதி இருந்தும் பெண்ணாக வளர்ந்த ஒருவரிடம் எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்றும் பார்த்தனர். தேடல் 1,40,000 கார இணைகளுக்குள் சுருங்கியது. அங்கே கிடைத்தது இசட்எஃப்ஒய். 1987 டிசம்பரில் வெளியான இச்செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஏறக்குறைய இதே போன்ற இசட்எஃப்எக்ஸ் என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமிலும் இருந்தது மட்டும் அப்போதே உறுத்தியது.

மறுப்புகள் விரைவில் வந்தன. பைப்பாலூட்டிகளில் இம்மரபணு ஒய்யில் இல்லை, பாலுடன் தொடர்பற்ற குரோமோசோமில் இருக்கிறது என்று 1988இல் தெரிந்தது. 1989இல் இன்னும் இரு அடிகள் விழுந்தன. இனச்செல்கள் இல்லாத எலிக்கருவில் இம்மரபணு இயங்காதபோதும் விந்தகம் உருவானது. இசட்எஃப்ஒய் இல்லாமலே ஆணாக வளர்ந்த எக்ஸ்எக்ஸ் மனிதர்களும் கண்டறியப்பட்டனர். அவர்களிடம் எஞ்சியிருந்த ஒய் துண்டில் 35,000 கார இணைகளைத் துழாவி, லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ஆண்ட்ரூ சின்க்ளேர் ஆகியோரின் குழு 1990இல் ஆண்பாலை முடிவுசெய்யும் எஸ்ஆர்ஒய் மரபணுவைக் கண்டுபிடித்தது. பேஜ் குழுவைத் திசைதிருப்பிய பெண்ணின் புதிரும் அதே ஆண்டு அவிழ்ந்தது: அவரிடம் எஸ்ஆர்ஒய் இருந்த பகுதியும் தனியே விடுபட்டிருந்தது. முறையில் பிழையில்லை, சான்றாக அமைந்தவரிடம் ஓர் இழப்பு மறைந்திருந்தது.

ஆண்பாலை முடிவுசெய்யும் மரபணு என்ற பட்டம் போனபின்பும் இசட்எஃப்ஒய் பயன்பட்டது. 1995இல் ராபர்ட் டோரிட், ஹிரோஷி அகாஷி, வால்டர் கில்பர்ட் மூவரும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 38 ஆண்களிடம் இம்மரபணுவின் 729 கார இணை நீள இன்ட்ரானைப் படித்தனர். ஓரெழுத்து வேறுபாடுகூட இல்லை. இதிலிருந்து ஆண்வழிப் பொது மூதாதை ஏறத்தாழ 2,70,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் எனக் கணித்தனர். வேறுபாடே இல்லாத தரவிலிருந்து காலத்தைக் கணித்ததால் பிழை வரம்பு மிக அகலமாக இருந்தது.

இம்மரபணுவின் உண்மையான பணி எலி ஆய்வுகளில்தான் தெளிவானது. எலிக்கு இதில் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டையும் நீக்கினால் விந்தகம் உருவாகும், ஆனால் விந்தணுக்கள் சிதைந்து எலி மலடாகும். குன்றல் பிரிவின்போது எக்ஸையும் ஒய்யையும் செயலடக்குவதிலும் இதற்குப் பங்குண்டு.

பாலினம் அறியும் சோதனைகளிலும் இது உதவுகிறது. இசட்எஃப்எக்ஸ், இசட்எஃப்ஒய் இரண்டையும் ஒரே பிசிஆரில் பெருக்கி நொதியால் வெட்டினால், பெண்ணின் மாதிரியில் எக்ஸுக்குரிய பட்டைகள் மட்டும் தெரியும். ஆணுடையதில் ஒய்யின் பட்டைகளும் சேரும். 1990இல் மனிதர், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றுக்கு இம்முறை வகுக்கப்பட்டது.