மண்ணீரல் நீக்கத்துக்குப் பின் எஞ்சிய மண்ணீரற் செயற்பாடு

எஞ்சிய மண்ணீரற் செயற்பாடு என்பது, அறுவை மருத்துவத்தால் மண்ணீரல் அகற்றப்பட்ட பின்னரும் உடலில் தங்கியிருக்கும் அல்லது மீள வளரும் மண்ணீரல் இழையம் ஆற்றும் பணியாகும். சிறுவர்களில் இதனை அறிவது முதன்மையானது. மண்ணீரல் அற்ற குழந்தையை நியூமோகாக்கசு போன்ற பாக்டீரியாக்கள் தாக்கினால், சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கும் நோய் சில மணி நேரங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். கிங், சூமேக்கர் ஆகியோர் 1952இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே இவ்வாபத்து பரவலாக உணரப்பட்டது. அதுவரை மண்ணீரல் இன்றியமையாத உறுப்பாகக் கருதப்படவில்லை.

குருதிச் சோதனை

மண்ணீரல் செங்குருதியணுக்களைச் சலித்து, அவற்றில் எஞ்சியுள்ள கருத்துணுக்குகளை நீக்குகிறது. அவ்வாறு நீக்கப்படாத துணுக்குகள் ஓவெல்-சாலி உடலங்கள் எனப்படும். சாயமேற்றிய குருதிப் பூச்சில் இவை சிறு கரும்புள்ளிகளாகத் தெரியும். எளிய சோதனையே எனினும், சிறிதளவு குறைபாட்டை இது காட்டாமல் விடலாம்.

இதனினும் நுட்பமானது குழிவுற்ற செங்குருதியணுக்களை எண்ணுதல் ஆகும. சிறப்பு ஒளியியல் அமைப்புக் கொண்ட நுண்ணோக்கியில், அணுவின் உள்ளேயுள்ள நுண்குமிழிகள் மேற்பரப்பில் குழிகள் போலத் தோன்றும். உண்மையில் அவை குழிகள் அல்ல. நலமான ஒருவரிடம் இத்தகைய அணுக்கள் பொதுவாக 4 விழுக்காட்டுக்கும் குறைவு. மண்ணீரல் அற்றவரிடம் பன்மடங்கு மிகும். எல்லா ஆய்வகங்களிலும் இவ்வசதி இருப்பதில்லை.

கதிரியக்கப் படிமம்

டெக்னீசியம்-99எம் ஏற்றி, வெப்பத்தால் சிதைத்த செங்குருதியணுக்கள் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றன. மண்ணீரல் இழையம் எங்கிருப்பினும் அவற்றைப் பற்றிக்கொள்வதால் அதன் இருப்பிடம் படிமத்தில் புலப்படும்.

மீளப் பிறந்த மண்ணீரல்

விபத்தில் மண்ணீரல் சிதையும்போது வயிற்றறையில் சிந்தும் துணுக்குகள் வேர்கொண்டு வளர்வதுண்டு. இவ்வாறு மண்ணீரலை இழந்த சிறுவர்களை ஓவர்ட் பியர்சன் குழுவினர் ஆய்ந்து, பாதிக்கும் மேற்பட்டோரிடம் செயற்பாடு திரும்பியிருந்ததை 1978இல் அறிவித்தனர்.

ஆயினும் சலிக்கும் பணி திரும்புவதும் நோய்த்தொற்றிலிருந்து காப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. இத்தகைய இழையம் இருந்தும் கடும் தொற்றால் இறந்தோர் உளர். எனவே சோதனை முடிவு நன்றாக இருப்பதை மட்டும் நம்பித் தடுப்பூசிகளையோ, மருத்துவர் பரிந்துரைத்த பெனிசிலினையோ கைவிடுதல் தவறாகும். காய்ச்சல் கண்டால் உடனடி மருத்துவம் தேவை.

மரபுவழிக் கோளச் செங்குருதியணு நோயில் நிலைமை தலைகீழானது. அறுவையின்போது தவறவிடப்பட்ட துணை மண்ணீரல் வளர்ந்தால் குருதிச்சோகை மீண்டும் தோன்றலாம். முன்பு காணப்பட்ட ஓவெல்-சாலி உடலங்கள் மறைவது அதற்கான தடயங்களுள் ஒன்று.