திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, இல்லையா? சிப்பி செத்து அழுகிய பிறகுதான் தெரியும். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல்.

இப்போது உங்கள் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். அதன் கதையும் இதேதான்! மகாதமனியின் அடியில் கிளம்பும் இரண்டு குழாய்கள்தான் இதயத் தசைக்கே ரத்தம் ஊட்டுகின்றன. கிரீடம் மாதிரி சுற்றியிருப்பதால் 'கரோனரி' என்று பெயர். ரொம்ப காலம் பிணத்தை அறுத்துத்தான் அவற்றைப் பார்த்தார்கள்.

1958-ல் அமெரிக்க டாக்டர் மேசன் சோன்ஸ் செலுத்திய குழாய், தவறுதலாக வலது கரோனரிக்குள் நுழைந்து சாயத்தைப் பாய்ச்சிவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடி நின்று, மறுபடி துடித்தது. கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது!

1971-ல் லண்டனில் சி.டி. ஸ்கேன் முதலில் மூளையைப் படம்பிடித்தது. மூளை சும்மா இருக்கும், இதயம் துடிக்குமே? பின்னால் இ.சி.ஜி.யைத் துணைக்கு வைத்து, இரண்டு துடிப்புக்கு நடுவே அது இளைப்பாறும் கணத்தில் படமெடுக்கக் கற்றார்கள்.

படத்தில் குழாய்ச் சுவரில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது கால்சியம். முத்திலும் கால்சியம்தான்! சிப்பிக்குள் இருந்தால் அதிர்ஷ்டம். நமக்குள் இருந்தால் எச்சரிக்கை. ஆனால் ஒன்று... சிப்பிக்கு வாய்க்காதது நமக்கு வாய்த்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே உள்ளே பார்த்துவிடலாம்.