சோம்பேறின்னு திட்டுறதுக்கு முன்னாடி ஒரு வரலாறு

1/ "ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்கான் டாக்டர். காலைல எழுப்புனா எழுந்திரிக்க மாட்டேங்குறான். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான்." பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஓபியில் அடிக்கடி சொல்வது இது. சோம்பலா, உடம்பா, மனசா? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 50 வருட வரலாறு இருக்கு.

2/ 1976. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். மேரி கார்ஸ்கடன் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தூக்க முகாம் நடத்தினார். வயசு ஏற ஏறத் தூக்கம் குறைவாகவே போதும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆனால் பருவமடைந்த பிறகும் பிள்ளைகள் 9 மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். அவ்வளவு தூங்கியும் பகலில் கண் சொக்கியது.

3/ 1981. நியூயார்க்கில் எலியட் வைட்ஸ்மன் குழு ஒரு புதுக் கோளாறை விவரித்தது. இவர்களுக்கு விடியும் நேரத்தில்தான் தூக்கம் வரும். எழுப்பாமல் விட்டால் நன்றாகவே தூங்குவார்கள். உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போயிருந்தது.

4/ 1993. பருவமடையும்போது எல்லாப் பிள்ளைகளுக்குமே இந்தக் கடிகாரம் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று கார்ஸ்கடன் குழு எழுதியது. செல்போன் நம்ம வீட்டுக்கு வருவதற்கு முன்பே! போன் அதை இன்னும் மோசமாக்குது, அவ்வளவுதான்.

5/ 1996. மினசோட்டாவின் எடைனா ஊரில் மேல்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7:20-லிருந்து 8:30-க்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் மினியாபோலிஸும் மாற்றியது. கைலா வால்ஸ்ட்ராம் ஆராய்ந்தார். பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கினார்கள். மனச்சோர்வு உணர்வுகளும் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள். 2022-இல் கலிஃபோர்னியாவில் 8:30 சட்டமே அமலுக்கு வந்தது.

6/ மனநல மருத்துவமும் மாறியது. "டிப்ரஷன் சரியானா தூக்கம் தானா வரும்" என்பது பழைய பாடம். 2005-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, தூக்கமின்மையைக் கூடவே இருக்கும் தனிப் பிரச்சினையாகப் பார்க்கச் சொன்னது. அதாவது ரெண்டையும் சேர்த்தே கவனிக்கணும்.

7/ வீட்டில் செய்யக்கூடியது: ஞாயிறு உட்பட தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுப்புங்க. எழுந்ததும் வெயிலில் கொஞ்ச நேரம். படுக்கை தூங்க மட்டும். தூக்கம் வரலைன்னா புரளாம எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்காரட்டும். இந்த முறையை 1972-இலேயே ரிச்சர்ட் பூட்சின் சொல்லிவிட்டார். ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மா போனும் சேர்த்து.

8/ தூக்கத்தைச் சரிசெய்வது மட்டுமே டிப்ரஷனுக்கு வைத்தியம் ஆகாது. ரெண்டு வாரத்துக்கு மேல் சோகமோ எரிச்சலோ, பிடிச்ச விஷயத்திலும் ஆர்வமின்மையோ இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. தூக்க மாத்திரையை நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்னா அன்னைக்கே வாங்க. டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும்.

நாளைக்குக் காலைல எழுப்பும்போது திட்டாம, "ராத்திரி தூக்கம் வந்துச்சாப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க.