புத்தளக் கரையில் விசுவாசமும் வேத ஏடும்

இலங்கையின் வடமேற்கிலே, கற்பிட்டி முனையிலிருந்து தெற்கே மகா ஓயா கடலோடு கலக்கும் இடத்தின் அண்மை வரை நீண்டு கிடப்பது புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை. வடபாகத்திலே அகன்ற களப்பும் உப்பளங்களும் உள்ளன. தென்பாகத்திலே அடர்ந்த தென்னந்தோப்புகள். இடையிடையே மீனவர் குடியிருப்புகள். அக்குடியிருப்புகள் பலவற்றில், கடலிலிருந்து திரும்பும் வள்ளக்காரரின் கண்ணுக்கு முதலிலே தெரிவது ஒரு கோயிலின் முகப்பே. தலவிலில் உள்ள புனித அன்னம்மாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் திரளும் யாத்திரிகரைக் காண்போர், இச்சமயம் இக்கரையிலே தடையின்றித் தழைத்து வந்ததென்றே எண்ணுவர்.

வரலாறு கூறுவது வேறு. குருவானவரும் இன்றி, கோயிலும் இன்றி, பிடிபட்டால் தண்டனை என்ற அச்சத்தோடு இக்கரைக் கத்தோலிக்கர் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்திலே அவர்களுடைய விசுவாசம் அழியாதிருந்தது எவ்வாறு? அழியாதிருந்ததோடு அமையாது ஆழமும் பெற்றது எதனால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருவன இரு குருமாரின் வாழ்க்கைகள். ஒருவர் கடவுளிடத்து வைத்த நம்பிக்கையினாலே வழி திறந்தவர். மற்றவர் வேத வசனத்தை மக்கள் மொழியிலே ஏட்டில் எழுதி, திறந்த வழியை நிலைபெறச் செய்தவர்.

போர்த்துக்கீசர் ஆட்சிக் காலத்தில் இக்கரையிலே கத்தோலிக்க சமயம் பரவியது. 1656-இல் கொழும்பும் 1658-இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தோர். போர்த்துக்கீசரோ அவர்களின் அரசியற் பகைவர். ஆகவே கத்தோலிக்கக் குருவானவர் ஒவ்வொருவரும் பகை நாட்டின் ஒற்றராகவே அவர்கள் கண்ணுக்குத் தோன்றினர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658-இலேயே கட்டளை பிறந்தது. கற்பிட்டியில் 1667-இல் தொடங்கி 1676-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் கோட்டை, களப்பின் வாயிலைக் காவல் செய்தது.

இங்ஙனம் முப்பது ஆண்டளவு குருவானவரைக் காணாத கிறிஸ்தவ மக்கள் இலங்கைக் கரையெங்கும் இருந்தனர். அவர்களிடம் எஞ்சியிருந்தவை செபமாலையும், தாய் தந்தையர் வாய்மொழியாகக் கற்பித்த சில செபங்களுமே. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோரும் மரிப்போர் அருகிலிருந்து செபித்தோரும் ஊர் மூத்தோரே. நம்பிக்கை இருந்தது, ஆயினும் அந்நம்பிக்கைக்கு உணவு குறைந்துகொண்டே வந்தது. தந்தை அறிந்ததிற் பாதியையே மகன் அறிவான். மகன் அறிந்ததிற் பாதியையே பேரன் அறிவான். மூன்று தலைமுறை கடப்பின் பெயரளவிலன்றிச் சமயம் எஞ்சாது. இதுவே அன்றைய உண்மையான ஆபத்து. ஒல்லாந்தரின் கட்டளையினும் மறதியே பெரும் பகையாக நின்றது.

இந்நிலையை அறிந்து, யாரும் அனுப்பாமல் தாமே முன்வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். அவர் கோவாவிலே பெனோலிம் என்னும் ஊரில் 1651 ஏப்ரில் 21-இற் பிறந்தவர். ஓரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். 1687-இல், யோவான் என்னும் துணையாள் ஒருவரோடு, கூலியாள் வேடத்திலே இலங்கையில் வந்திறங்கினார். படையில்லை, பொருளில்லை, பாதுகாப்பளிக்க அரசு எதுவுமில்லை. வந்த சில நாளிலேயே கடும் வயிற்றுளைச்சலால் வருந்தி, வழியோரத்திலே கிடந்து, ஏழைகளின் இரக்கத்தால் உயிர் பிழைத்தார். பின்னர் யாழ்ப்பாணத்திலே, கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் யாவர் என்று நோக்கியே கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். சில்லாலையை உறைவிடமாகக் கொண்டு அவர் ஆற்றிய பணி ஒல்லாந்தர் செவிக்கு எட்டவே, யாழ்ப்பாணத்தை விட்டு அகல நேர்ந்தது.

அவர் நாடிச் சென்ற இடம் புத்தளம். அதற்குக் காரணம் உண்டு. ஒரே களப்பின் இரு பக்கத்தில் அக்காலம் இரு ஆட்சிகள் நிலவின. கற்பிட்டி ஒல்லாந்தருடையது, புத்தளமோ கண்டியரசனுக்கு உரியது. 1766-ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குச் செல்லும் வரை இந்நிலை நீடித்தது. பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் நிலத்திலே, முஸ்லிம் வணிகர் நிறைந்த துறைமுகத்திலே, கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் வெளிப்படையாகப் பூசை நிறைவேற்ற முடிந்தது. கிறிஸ்தவ ஆட்சியில் மறுக்கப்பட்ட சுதந்திரம் பிற சமயத்தவர் நடுவே கிடைத்தது என்பது இக்கரையின் வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.

1690-இல் புத்தளம் வந்த அடிகளார் ஓராண்டளவு இப்பகுதியிலே தங்கி, சிதறிக் கிடந்த குடும்பங்களை ஒன்றுசேர்த்தார். பின்பு 1692-இற் கண்டிக்குப் புறப்பட்டார். வழியிலே போர்த்துக்கீச ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். சிறையிலும் அவர் சோம்பியிருக்கவில்லை, சிங்களம் கற்றார். 1697-இல் பெரியம்மை நோய் கண்டியைத் தாக்கியபோது, அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். வாஸ் அடிகளாரும் அவர் உறவினராகிய யோசேப் கர்வாலோ அடிகளாரும் நீங்கவில்லை. கைவிடப்பட்ட நோயாளருக்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். சமயம் பார்த்துச் செய்த சேவை அன்று அது. அதன் பயனாக அரசனின் நன்மதிப்புப் பெருகியது; நாடெங்கும் சென்று போதிக்கும் உரிமையும் உறுதிப்பட்டது. 1711 சனவரி 16-இற் கண்டியிலே அவர் உயிர் நீத்தார்.

கடவுளை நம்புதல் என்பது யாது என்பதற்கு இவ்வாழ்க்கை ஒரு விளக்கவுரை. ஆபத்து வாராது என்று எண்ணுவது நம்பிக்கையன்று. ஆபத்தை அறிந்தும் கடமையை விடாதிருப்பதே நம்பிக்கை. ஆயினும் வாஸ் அடிகளார் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தார். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு விரல் விட்டு எண்ணத்தக்க குருமாரே இருந்தனர். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குருவானவர் வருவதே அரிது. எஞ்சிய நாள்களில் மக்களுக்குத் துணை எது? அவர்கள் மொழியிலே எழுதப்பட்ட நூலன்றி வேறொன்றில்லை.

அந்நூலை ஆக்கித் தந்தவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழ் மக்கள் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என அழைத்தனர். கோவாவைச் சேர்ந்த திவார் தீவிலே 1676-இற் பிறந்த இவர், 1705-இல் இலங்கை வந்தார். முதலிற் தமிழையும், பின்னர் சிங்களத்தையும் இலக்கிய அறிவு கைகூடும் வரை கற்றார். வீதிப் பேச்சு மட்டும் போதுமென்று அவர் கருதவில்லை. ஒரு மக்களின் உள்ளத்தைத் தொடவேண்டுமாயின் அவர்களின் உயர்ந்த நடையிலேயே பேசுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே காலத்திலே தமிழகத்தில் வீரமாமுனிவர் இக்கொள்கையைத் தழுவித் தமிழ்ப் பணி புரிந்தார். தரங்கம்பாடியிலே சீகன்பால்கு 1715-ஆம் ஆண்டளவில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். சபையால் வேறுபட்ட இவர்கள் மூவரும் தமிழின்பாற் கொண்ட மதிப்பினால் ஒன்றுபட்டோரே.

கொன்சால்வெஸ் அடிகளாரின் தமிழ் நூல்களின் பெயர்களே அவர் நோக்கத்தைப் புலப்படுத்தும். வேதாகம வரலாற்றைத் தொடர்கதைபோல் எடுத்துரைப்பது ‘தேவ அருள்வேத புராணம்’. சுவிசேஷப் பகுதிகளை விளக்குவது ‘சுவிசேஷ விரித்துரை’. கிறிஸ்துநாதரின் பாடுகளை உருக்கமாக எடுத்துரைப்பது ‘வியாகுலப் பிரசங்கம்’. இவற்றிற்கு ஒத்த நூல்களைச் சிங்களத்திலும் எழுதினார். சிங்கள மக்கள் தவக்காலத்திற் பாடும் பசன் என்னும் பாடல் மரபும் அவர் பெயரோடு இணைந்தது.

இந்நூல்கள் அச்சேறவில்லை. மறைந்து வாழ்ந்த ஒரு சபைக்கு அச்சுக்கூடம் ஏது? பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதப்பட்டு, ஊருக்கு ஊர் படி எடுக்கப்பட்டே அவை பரவின. எழுதப் படிக்க அறிந்தோர் சிலரே எனினும் அது தடையாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் மக்கள் கூடுவர்; மூப்பரோ அண்ணாவியாரோ ஏட்டை அவிழ்த்து வாசிப்பார்; ஏனையோர் செவிமடுப்பர். புராணப் படிப்பும் கதாகாலட்சேபமும் பழகிய நாட்டிலே, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது புதிய முறையன்று. கேட்டதையே ஆண்டுதோறும் கேட்டதனால் வசனங்கள் மனத்திற் பதிந்தன. எழுத்தறியாத பெண்ணும் வலை இழுக்கும் மீனவனும் சுவிசேஷ வரலாற்றைத் தங்கள் குடும்ப வரலாறுபோல் அறிந்தனர். முன்னர் கூறிய மறதி என்னும் பகைவனை வென்றது இவ்வோலைச் சுவடியே.

இங்கே மற்றொரு புறத்தையும் நோக்குதல் நேர்மையாகும். வேதாகமத்தை மக்கள் மொழியிலே கொடுக்கவேண்டுமென்னும் ஆர்வம் ஒல்லாந்தரிடத்தும் குறைவாக இருக்கவில்லை. கொழும்பிலே 1737-இல் அவர்கள் அச்சுக்கூடம் நிறுவினர். 1739-இற் சிங்களத்திலே சுவிசேஷங்களும், 1741-இற் தமிழிலே மத்தேயு சுவிசேஷமும் அங்கே அச்சாயின. இந்நாட்டவராகிய பிலிப்பு தெ மெல்லோ போதகர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759-இல் வெளிவந்தது. இவை தமிழ் உரைநடை வரலாற்றில் மதித்துப் போற்றத்தக்க பணிகள். ஆயினும் ஒரு குறை அம்முயற்சியோடு ஒட்டிக்கொண்டது. அரசாங்க உத்தியோகம் பெறுதற்குச் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. வேதம் ஒரு கையிலும் உத்தியோகம் மறு கையிலும் நீட்டப்பட்டபோது, இரண்டாவதற்காகவே முதலாவதைப் பெற்றோர் பலராயினர். ஆங்கிலேயர் 1796-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அவ்வாறு சேர்ந்தோரிற் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். அச்சு நூலிற் குறையில்லை. அதனோடு கலந்த வற்புறுத்தலிலேயே குறை இருந்தது. வேத வசனம் வேரூன்றுதற்கு நல்ல மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. அதனை ஏற்கும் நெஞ்சு சுதந்திரமாகவும் இருத்தல் வேண்டும்.

கொன்சால்வெஸ் அடிகளாரின் இறுதிக் காலத்தோடு தொடர்புடைய இடம் போலவத்தை. அது மகா ஓயாவுக்கு வடக்கே, வென்னப்புவைக்கு அணித்தாக, இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது. இலங்கைப் பணிக்குத் தலைவராக இருந்த நிலையில், 1742 சூலை 17-இல் அவர் அங்கே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு நூற்றாண்டின் துன்பத்தைத் தாங்கிய கரையின் ஒரு முனையிலே வாஸ் அடிகளாரின் கால்கள் பதிந்தன. மறு முனையிலே கொன்சால்வெஸ் அடிகளாரின் எழுத்தாணி ஓய்ந்தது.

அதன் பின் காலம் மாறியது. 1806-இல் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கருக்கு விதித்திருந்த தடைகளை நீக்கியது. 1939-இற் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1995 சனவரி 21-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14-இற் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். இரு வைபவங்களும் கொழும்பிலேயே நிகழ்ந்தன. இடையே 1965-இல், உரோமையிற் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் அனைவரும் வேதாகமத்தை அடிக்கடி வாசித்தல் வேண்டுமென அறிவுறுத்தியது. உலகத் திருச்சபை அன்று வலியுறுத்திய அவ்வழக்கத்திற்கு, இக்கரையின் ஓலைச் சுவடிகள் இரு நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு தொடக்கம் செய்திருந்தன.

இன்னுமொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒருகாலத்திற் தமிழிலே செபித்த கரையோரக் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டிலே சிங்களத்திற்கு மாறின. பாட்டியின் செபமொழி பேரனுக்குப் புரியாத வீடுகள் உண்டு. ஆயினும் இரு மொழியிலும் ஒரே சுவிசேஷத்தை எழுதிவைத்த ஒருவரின் உழைப்பினால், மொழி மாறியபோது பாடுகளின் வரலாறு மறையவில்லை. தமிழ் ஊர்களிலே வியாகுலப் பிரசங்கமும் சிங்கள ஊர்களிலே பசனும் ஒரே துயரையே பேசின.

நம்பிக்கையும் வேத அறிவும் ஒரு வள்ளத்தின் பாயும் சுக்கானும் போல்வன. பாய் இன்றேல் வள்ளம் நகராது. சுக்கான் இன்றேல் நகர்ந்தும் கரை சேராது. குருவானவர் இல்லாத காலத்திலே நம்பிக்கை இம்மக்களைத் தாங்கியது; ஏட்டு வசனம் அந்நம்பிக்கைக்குத் திசை காட்டியது. புத்தளக் கரையின் கோயில்கள் சுண்ணாம்பாலும் கல்லாலும் எழுந்தவை. அவற்றிற்கு அடித்தளமிட்டதோ, விளக்கின் அருகே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட அந்தப் பனையோலை ஏடு.