மலாக்காவில் முதல் நாள்: ஒரே கம்பனியின் இரு கோட்டைகள்

மலாயா நம் கல்லூரிக்குப் புதிய ஊரன்று. அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவரின் பணத்தில் குடாநாட்டில் எத்தனையோ கல்வீடுகள் எழுந்தன. அவர்களின் பெண்பிள்ளைகள் பலர் இங்கு விடுதியில் தங்கிப் படித்தார்கள். அப்படி வந்து படித்த தோழி ஒருத்தியின் அழைப்பில் எங்கள் வகுப்பினர் எழுவர் கோலாலம்பூரில் கூடினோம். மறுநாட்காலை பஸ் ஏறி, இரண்டு மணி நேரத்தில் மலாக்காவில் இறங்கினோம்.

2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த ஊர் அது. பிளாஸ்திக் பூவும் பொம்மையும் சோடித்த ரிக்‌ஷாக்கள் சத்தமாகப் பாட்டுப் போட்டபடி சுற்றுகின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே சிவப்பு நிறத்தில் ஒல்லாந்தர் கட்டிய நகர மண்டபமும் 1753இல் நிறைவுற்ற கிறிஸ்து தேவாலயமும் நிற்கின்றன. சிவப்புப் பூச்சு பின்னாளில் ஆங்கிலேயர் செய்த வேலை. தேவாலயத்தின் தரையில் பதித்திருந்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்களைக் கண்டதும் ஒருத்தி, "இஞ்ச பாருங்கோடி, எங்கட கோட்டைக்குள்ள இருந்த கோயில் மாதிரியெல்லோ!" என்றாள். 1706இல் கட்டிய அந்தச் சிலுவைத் தேவாலயத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளாக நடந்து, கல்லில் வெட்டிய பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தவர்கள் நாங்கள். போருக்குப் பின் அங்கே மிஞ்சியது கற்குவியல்தான்.

இரண்டு ஊர்களின் சரித்திரமும் கிட்டத்தட்ட ஒன்றே. போர்த்துக்கேயர் மலாக்காவை 1511இலும் யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இலும் பிடித்தார்கள். ஒல்லாந்தக் கம்பனி 1641இல் மலாக்காவையும் பதினேழு ஆண்டுகளின் பின் 1658இல் யாழ்ப்பாணத்தையும் அவர்களிடமிருந்து பறித்தது. இரண்டும் ஆங்கிலேயரிடம் போனதோ ஒரே ஆண்டில். பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தபோது இலண்டனுக்குத் தப்பியோடிய ஒரேஞ்ச் இளவரசர், கியூ மாளிகையிலிருந்து கடிதங்கள் எழுதினார். ஒல்லாந்தரின் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி அவை கூறின. 1795 ஓகஸ்டில் மலாக்கா கைமாறியது. செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையின்றிச் சரணடைந்தது. அதன் வெளி அரண்கள் 1792இலேயே கட்டி முடிந்திருந்தன. நூறாண்டுக்கு மேலாகக் கட்டிய கோட்டை மூன்றே ஆண்டில், ஒரு முற்றுகையைக்கூடத் தாங்கிக் காட்டாமல் கைவிட்டுப் போனதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

அதன்பின் வழி பிரிகிறது. இலங்கையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள எண்ணிய ஆங்கிலேயர் நம் கோட்டையைக் காத்தார்கள். மலாக்காவை என்றோ ஒருநாள் ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என அஞ்சியதால் அதன் கோட்டையை 1807இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இராஃபிள்ஸ் தலையிட்டதால் ஒரு வாசல் மட்டும் தப்பியது. 1670 என்ற ஆண்டும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் அதில் இன்றும் தெரிகின்றன. அங்கே வாசல் மட்டும் உண்டு, மதில் இல்லை. இங்கே மதில் உண்டு, உள்ளே ஒன்றும் இல்லை. வெயிலில் அந்த வாசலடியில் நின்று இதைத்தான் பேசிக்கொண்டோம்.

மத்தியானம் பொற்கொல்லர் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்துக்குப் போனோம். ஒல்லாந்தர் ஆட்சியில், தெய்வநாயகம் செட்டி பெற்ற நிலத்தில் 1781இல் எழுந்த கோயில் இது. போர்த்துக்கேயர் 1621இல் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்ததும் ஒல்லாந்தர் காலத்திலேதான், 1734இல். சமயத்தில் அவர்கள் தாராளமானவர்கள் அல்லர். நம் முன்னோர் பட்ட கெடுபிடிகள் பல. ஆனால் கம்பனிக்கு வியாபாரம் நடக்க வேண்டும், வியாபாரிக்குப் பிள்ளையார் வேண்டும்.

அந்த வியாபாரிகளின் வழிவந்தவர்களே மலாக்காச் செட்டிகள். போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழர் அவர்களின் முன்னோர். காஜா பெராங் பகுதியில் உள்ள அவர்களின் கிராமத்துக்குப் பின்னேரம் போனோம். சிறிய நூதனசாலை ஒன்று இருக்கிறது. அங்கே எங்களை வரவேற்ற அம்மையார் சாறோங்கும் கெபாயாவும் உடுத்திருந்தார், பேசியது மலாய். கோலாலம்பூர்த் தோழி மொழிபெயர்த்தாள். அவர்களுக்குத் தமிழ் போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் பொங்கலுக்கு முதல்நாள், போகியன்று, முன்னோருக்கு வாழையிலையில் சோறு கறி படைத்து வீட்டார் வரிசையாக வணங்குகிறார்கள். மாரியம்மன் திருவிழாவும் தவறுவதில்லை.

எங்களில் ஒருத்திக்கு இதைக் கேட்கக் கேட்க முகம் மாறியது. தமிழ் போனால் எல்லாம் போய்விடும் என்று விடுதியில் படித்த காலம் தொட்டே அடித்துச் சொல்பவள் அவள். ரொறன்ரோவில் பேத்தி தமிழில் கதைக்காவிட்டால் தொலைபேசியில் அவளோடு பேசவே மாட்டாள். "படையலுக்கு என்ன கறி வைப்பியள் எண்டு கேளடி" என்றாள். மீன், இறைச்சி, பலகாரம், இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவை எல்லாம் வைப்போம் என்றார் அம்மையார். "இது எங்கட வீட்டுப் படையல்தானே!" என்று அவள் தன்பாட்டில் சொன்னாள்.

இரவு ஆற்றங்கரையில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் அவள் எழுந்து சற்றுத் தள்ளிப் போய் ரொறன்ரோவுக்கு அழைத்தாள். வாழையிலை, சோறு, பூட்டியின் படம், அதன் முன் வைக்கும் தண்ணீர்ச் செம்பு என்று ஒவ்வொன்றாகப் பேத்திக்கு விளக்கினாள், ஆங்கிலத்தில். அரை மணி நேரம் ஆயிற்று. தேநீர் ஆறிப்போனதால் அவளுக்கு வேறொன்று வாங்கினோம்.