இருபத்தோர் இலக்கங்கொண்ட ஓர் எண்

இரண்டை அறுபத்தேழு தரம் எழுதித் தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் பேரெண் கிட்டும். இதனை வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுக்கவியலாத பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் எழுதினார். இருநூறாண்டுக்கு மேல் அக்கூற்று மறுக்கப்படாது நின்றது. 1876-இல் எடுவார் லூக்காஸ் என்பார் அது பகு எண்ணே என மெய்ப்பித்தார்; எனினும் அதன் காரணிகள் எவை என்பது புலப்படவில்லை. 1903-இல் நியூயார்க்கில் கூடிய கணித அறிஞர் அவையில் பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையருகே சென்று, 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் பெருக்கிக் காட்டினார். விடை அப்பேரெண்ணே!

நேயர்களே, விடையைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். கண்டறியவோ தலைமுறைகள் வேண்டியிருந்தன. பெருக்கல் எளிது, பகுத்தல் அரிது என்னும் இவ்வுண்மையையே இன்று இரகசியச் செய்திகளைக் காக்கும் பூட்டுகள் சிலவும் நம்பியிருக்கின்றன.